ரேக்குக்கு அடியில் ஒரு வெள்ளை மூட்டை

கிளவுஸில் மட்டும் எங்கள் கம்பெனியில் ஒன்பது வகை இருந்தது. கை என்னவோ எல்லோருக்கும் ரெண்டுதான். வெல்டிங் சூப்பர்வைசருக்கு மஞ்சள் தோல் வேண்டும். ஃபிட்டிங் சூப்பர்வைசருக்கு அதே தோல், ஆனால் சாம்பல் நிறம். மஞ்சளை நீட்டினால், "இன்னா, அந்தாளு போட்றத என் தலைல கட்றியா?" என்று ஜன்னல் கம்பிக்குள் மூக்கை விட்டு முறைப்பார். மார்க்கர் பேனா ஆறு வகை. கை கழுவும் சோப்பு நாலு வகை, அதில் ஒன்று ரோஜா வாசனை. ஆபீஸில் ஒருவருக்கு நீல மூடி போட்ட பேனா இல்லையென்றால் அன்று முழுக்க எதிலும் கையெழுத்து விழாது. விழுந்தாலும் எறும்பு மையில் குளித்துவிட்டு நடந்துபோன மாதிரிதான் இருக்கும். அதற்கு எந்த மூடி போட்ட பேனாவாக இருந்தால் என்ன?

இவர்கள் எல்லோருக்கும் எடுத்துக்கொடுக்கிற ஸ்டோரில் நான் இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நடுத்தரமான கம்பெனி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் தலைமாட்டுத் தகடு, கால்மாட்டுத் தகடு, மருந்து வைத்துத் தள்ளுகிற வண்டி, இவைதான் செய்வோம். பன்னிரண்டாவதில் கணக்குப் பாடம் என்னைக் கைகழுவியது. திரும்ப எழுதச் சொன்னார்கள், நான் கைகழுவிவிட்டேன். கள்ளிக்குப்பத்தில் வீடு, பைக்கில் கிளம்பினால் பாட்டு ரெண்டு முடிவதற்குள் கம்பெனி. ஸ்டோருக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்குப் பின்னால் நான். வெளியே நிற்கிறவரை வம்புக்கு இழுக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. அடிக்கக் கை நீட்டினாலும் எட்டாது.

என்னிடம் வாய் கொடுத்து ஜெயித்துவிட்டுப் போகிற ஒரே ஆள் பெயின்ட் ஷாப் அக்கா. ஆவடியிலிருந்து ரயிலில் வருவார். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் தகட்டில் எண்ணெய், தூசி, விரல் பட்ட தடம் எதுவும் இல்லாமல் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். அந்த வேலை அவருடையது. துடைத்த தகடு ஒவ்வொன்றோடும் போகிற அட்டையில் அவர் கையெழுத்து இருக்கும். கான்ட்ராக்ட் ஆள், ஆறு வருஷம். கான்ட்ராக்ட் என்றால் எங்கள் எஸ்டேட்டில் ஒரு கேவலமான பழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் வீட்டில் உட்காரச் சொல்வார்கள். பதினோராவது நாள் புதிதாக வேலைக்கு வந்தவர் மாதிரி மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். ஆறு வருஷமாகத் துடைத்த கைக்குத் தாளில் ஒரு வருஷம்கூட வயது ஆகாது. அந்தப் பத்து நாளும் கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் போய், "அண்ணா, மறந்துறாதீங்க" என்று அக்கா நிற்க வேண்டும். என்னை ஜன்னலில் கிழிகிழி என்று கிழிக்கிற அதே வாய்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நாலு கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனன்ட் ஆக்கி லெட்டர் கொடுக்கப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அக்கா பேர் முதலில் இருந்தது. அதுவரைக்கும் அவர் துடைத்த தகடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பூஜை வரைக்கும் அப்படியே போக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அப்போதுதான் பர்ச்சேஸ் மேனேஜர் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். கரையான்சாவடிப் பக்கம் புது ஃபிளாட். அதற்கு முன்னால் கண்ணாடிக் கட்டிடத்தில் ஏசியில் உட்கார்ந்து வேலை பார்த்தவராம். கழுத்தில் பட்டை போட்டு அடையாள அட்டை, சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். சாம்பார் அதில் சொட்டிச் சொட்டி அவர் போட்டோவில் மீசை முளைத்திருந்தது. கையில் எப்போதும் ஸ்டீல் பாட்டில். ஒரு வரி பேசுவார், ஒரு மடக்குக் குடிப்பார். அவர் பேச்சை அவரே தண்ணீர் விட்டு விழுங்க வேண்டியிருந்தது போல.

வந்த முதல் வாரமே கேன்டீன் சுவரில் படம் காட்டினார். ஒரே வேலைக்கு ஒரே பொருள். ஒரே பொருளுக்கு ஒரே பேர். ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். இதைச் சொல்ல முப்பது படம். படத்தில் வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் எவனும் எவனுக்கும் கைகுலுக்கி நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரஸ் ஷாப் சிநேகிதன் என் காதில், "மாமே, இவுரு ஊட்ல எல்லாரும் ஒரே தட்லதான் துன்னுவாங்களா?" என்றான்.

"துன்றதா? ஒரே பல்லு வெச்சிகினு மெல்லுவாங்கடா" என்றேன்.

அன்றைக்கே அவருக்கு 'ஒரே சார்' என்று பேர் வைத்தேன். சாயங்காலத்துக்குள் பிரஸ் ஷாப்பிலிருந்து செக்யூரிட்டி வரைக்கும் பரவிவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளவுஸிலும் மார்க்கரிலும் சோப்பிலும் அவர் கை வைத்தபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ரோஜா வாசனை சோப்பு போச்சு. நீல மூடிப் பேனா போச்சு. வெல்டிங்குக்கும் ஃபிட்டிங்குக்கும் ஒரே மஞ்சள் தோல். இரண்டு சூப்பர்வைசர்களும் ஒரே மாதிரி கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையைக் காசு கொடுத்துக்கூடப் பார்க்கலாம். நிறத்தை வைத்துக் கௌரவம் கொண்டாடிய ஜாதி. நான் ஜன்னலில் உட்கார்ந்து, "அண்ணாத்தே, எது உன் கை, எது அவரு கைன்னு அடையாளம் தெர்தா?" என்று கேட்டேன். பதிலுக்குக் கிளவுஸ்தான் வந்தது. கம்பியில் பட்டு விழுந்தது.

அப்புறம் ஒரே சார் துணிக்கு வந்தார்.

துணி என்றால் பனியன் வேஸ்ட். திருப்பூரில் பனியன் தைத்து மிஞ்சின துண்டுகள் மூட்டையாக வரும். எந்திரத்தில் எண்ணெய் துடைக்க, கை துடைக்க, தரை துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். சிவப்பு, பச்சை, ஊதா என்று கலந்து வருவது விலை குறைவு. வெள்ளை மட்டும் பொறுக்கிக் கட்டி வருவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெள்ளை போவது பெயின்ட் ஷாப்புக்கு மட்டும். ஏனென்றால் சாயத் துணியைத் தின்னரில் நனைத்தால் சாயம் இறங்கிவிடும். இது பெயின்ட் ஷாப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குக் காரணமும் நான்தான். பில்லில் கடைக்காரர் என்ன எழுதியிருந்தாரோ அதையே அந்தந்தத் தடவை அடித்துவைத்திருந்தேன். ஒரு தடவை 'பனியன் வேஸ்ட்', ஒரு தடவை 'வேஸ்ட் துணி', ஒரு தடவை 'துடைக்கும் துணி', ஒரு தடவை 'காட்டன் வேஸ்ட்'. வெள்ளையைச் சோம்பேறித்தனத்தில் வெறும் 'துணி' என்று போட்டிருந்தேன். ஆக அஞ்சு பேர், அஞ்சு விலை.

ஒரே சார் லேப்டாப்போடு ஸ்டோருக்குள் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் நின்றேன்.

"தம்பி, இந்த அஞ்சும் என்ன?"

"துணி சார்."

"அஞ்சுமேவா?"

"அஞ்சுமே சார்."

"எதுக்கு யூஸ் பண்றாங்க?"

"தொடைக்க சார்."

"அப்ப ஏன் அஞ்சு பேரு? இது பாருங்க, இது மட்டும் டபுள் விலை. இதுல என்ன வித்தியாசம்?"

ஒரு வரிதான். 'அது வெள்ளை சார், மத்தது தின்னர் பட்டா சாயம் வுடும்' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதற்கு முந்தின நாள் அவர் கேன்டீன் வரிசையில் எல்லோர் முன்னாலும், "நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டிருந்தார். நான் சொன்னதும், "ஓ" என்று ஒரு சிரிப்பு சிரித்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். கேட்டதில் தப்பில்லை. அந்தத் தண்ணீரை அப்போது குடித்திருக்க வேண்டாம்.

"துணி துணிதானே சார்" என்றேன். "வித்தியாசம் இன்னா கீது?"

அவர் முகம் பூத்துவிட்டது. "பாத்தீங்களா? இதத்தான் நான் முப்பது ஸ்லைடுல சொன்னேன். நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க" என்று தோளில் தட்டினார். டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். போய்விட்டார். ஸ்டோரிலிருந்து பெயின்ட் ஷாப் ஐம்பது அடி. அந்த ஐம்பது அடியை நடந்து ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய பட்டியலில் பொருளுக்குப் பேர் இருந்தது, விலை இருந்தது. அதைக் கையில் பிடிக்கிற ஆளுக்குக் கட்டம் கிடையாது.

சாயங்காலம் சிநேகிதனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "மச்சான், வேடிக்கைய பாரு. கலர் மூட்டை வந்து எறங்கட்டும். அக்கா ஒரே தாவுல ஆபீஸுக்குப் போயி அந்தாளு கழுத்துப் பட்டையப் புடிச்சு இழுத்துகினு வரும். மொத்தக் கம்பெனியும் பாக்கும்."

"அக்கா போவலன்னா?"

"அக்காவாது, போவாததாவது! என்னையே இன்னா கிழி கிழிக்குது."

இதுதான் என் திட்டம். என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே திட்டம் அது என்றுகூடச் சொல்லலாம். அதன் லட்சணம் அப்படி.

கலர் மூட்டைகள் வந்து இறங்கின. வெள்ளைக்கு ஆர்டர் நின்றுபோனது. பழைய வெள்ளையில் ஒரே ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. அதை ரேக்குக்கு அடியில் தள்ளி, முன்னால் காலி டப்பாக்களை வைத்து மறைத்தேன். என் பைக் டேங்க் கறுப்பு. வெள்ளை பனியனில் துடைத்தால் கீறல் விழாமல் முகம் பார்க்கிற மாதிரி ஆகும். அதற்குத்தான்.

மறுநாள் காலை அக்கா ஜன்னலுக்கு வந்தார். கையில் ஒரு பிடி கலர் துணி.

"இன்னாடா இது? சேப்பும் பச்சையுமா திருவிழாத் தோரணம் மாரி கீது. இத வெச்சிகினு நான் தகடு தொடைக்கவா, பந்தல் கட்டவா?"

"ரெண்டும் பண்ணு கா. இன்னிமே ஒரே துணி. ஒரே சார் ஆர்டர்."

"வெளாடாத. வெள்ளை எடு."

"இல்ல கா."

"பழசு கூடவா இல்ல? போன மாசம் ரெண்டு மூட்டை பாத்தனே."

"தீந்துபோச்சு கா."

மூட்டை என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. குனிந்தால் தொட்டுவிடலாம். நான் குனியவில்லை. அக்கா இப்போது நேராக ஆபீஸுக்குப் போக வேண்டும், வேடிக்கை ஆரம்பிக்க வேண்டும். அதற்குக் காத்திருந்தேன்.

அக்கா போகவில்லை. அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ எழுதிக் குடேன்டா. ஸ்டோர்லேந்து ஒரு சீட்டு. இது பெயின்டுக்கு ஆவாதுன்னு."

"நான் எதுக்கு கா? நீயே போயி கேளு. உன் வாய்க்கு அந்தாளு பாட்டில கீழ போட்டுட்டு ஓடிருவாரு."

"என் வாயா?" அக்கா கம்பிக்குப் பக்கத்தில் வந்தார். குரல் இறங்கிவிட்டது. "பூஜைக்கு ரெண்டு மாசம் கீதுடா. லெட்டர்ல மொத பேரு என்து. இந்த நேரத்துல போயி புது மேனேஜராண்ட மொறச்சிகினு நிக்க சொல்றியா? அப்புறம் மறுபடியும் கான்ட்ராக்டர் ஊட்டு வாசல்ல பத்து நாளு யாரு நிப்பா, நீயா?"

இந்தக் கேள்வி என் திட்டத்தில் இல்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லோர் வாயும் எப்போதும் ஒரே அளவுதான் என்று நினைப்பு. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன், என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சிரிப்பு வரவழைக்கிற மாதிரி ஏதாவதுதான் இருக்கும். எனக்கு வேறு என்ன தெரியும்?

அக்கா அந்தக் கலர் மூட்டையை வைத்தே வேலை பார்த்தார். மதியம் சாப்பிட்ட கையோடு பெயின்ட் ஷாப் வாசலில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்து, வெளிர் மஞ்சள், வெளிர் நீலம், சாம்பல் என்று சாயம் குறைவாக இருக்கிற துண்டுகளைப் பொறுக்கினார். எப்போதும் போலத் தையலையும் எலாஸ்டிக்கையும் வெட்டி எறிந்தார். அது தகட்டில் கோடு போடும். நான் டீ குடித்துக்கொண்டே இதைப் பார்த்தேன். ஒரு நாள் இல்லை, தினமும். வெளிர் துணி எத்தனை நாளைக்கு வரும்? அவசர ஆர்டர் வேறு. இரண்டாவது வாரம் அவர் கையில் சிவப்பு இருந்ததையும் பார்த்தேன். சாயங்காலம் என் பைக்கை வெள்ளையில் துடைத்தேன். டேங்கில் என் முகம் நன்றாகத் தெரிந்தது. நல்லா இருக்கேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

தகடுகள் போயின. குத்தம்பாக்கம் பக்கத்தில் வாங்கினவர்களுக்குக் குடோன். பத்து நாள் கழித்து அதே லாரியில் திரும்பி வந்தன.

யானைத் தந்த நிறத் தகட்டில் ரோஸ் கலரில் தீற்று. கிட்டப் போய்ப் பார்த்தால் நாலு விரல் சேர்ந்து இழுத்த மாதிரி. துடைக்கும்போது ப்ரைமர் என்கிற சாம்பல் அடிப்பூச்சு மேல் தெரிந்திருக்காது. மேலே அடித்த பெயின்ட் அடுப்பில் சுடும்போது அடியில் இருந்த சாயம் மெல்ல மேலே ஏறியிருக்கிறது. எங்கள் ஷெட்டில் மஞ்சள் லைட்டு, அதில் எவன் கண்ணிலும் படவில்லை. அவர்கள் குடோனில் வெள்ளை லைட்டு.

முதலாளி அறையில் பஞ்சாயத்து. ஒரு தகட்டை மேஜைமேல் கிடத்தியிருந்தார்கள், போஸ்ட்மார்ட்டத்துக்கு வைத்த மாதிரி. பெயின்ட் சூப்பர்வைசர், ஒரே சார், கதவோரம் அக்கா. எந்தப் பொருள் யாருக்குப் போனது என்று பார்க்க ஸ்டோர் ரிஜிஸ்டரோடு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

பெயின்ட் சூப்பர்வைசர் ஆரம்பித்தார். மதியம் அக்கா உட்கார்ந்து துணி பொறுக்கியது அவர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. "கான்ட்ராக்ட் ஆளுங்க மொதலாளி. அவசரத்துல அழுக்குக் கையோட தொடச்சுடறாங்க. விரல் தடம் பாருங்க, கரெக்டா லேடீஸ் கை" என்றார். இவரைப் பற்றி எழுதினால் மை வீண்.

"அட்டையில யார் கையெழுத்து?" என்றார் முதலாளி.

"என்துதான்" என்றார் அக்கா. "ஆனா மொதலாளி, அந்தத் துணி வந்து..."

"துணி மேல பழி போடாதம்மா. துணி தானா போயா தொடச்சுது?"

அக்கா கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஒரே சாரைப் பார்த்தேன். அவர் டைரி மடியில் இருந்தது. அதில் நான் சொன்னது இருக்கிறது. திறந்தால் என் கதை முடிந்தது. ஆனால் திறந்தால், அதைக் கேட்டுக்கொண்டு வெள்ளையை நிறுத்தக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். அவர் திறக்கவில்லை. பாட்டிலைத் திறந்தார். ஒரு மடக்கு. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். படித்தவரும் படிக்காதவனும் முதல் தடவையாக ஒரே விஷயத்தில் ஒத்துப்போனோம். ரெண்டு பேரும் வாயைத் திறக்காமல் இருந்தால் ரெண்டு பேருக்கும் நல்லது. அவருக்கு இதைவிடப் பெரிய 'ஒரே' எங்கே கிடைக்கும்?

முதலாளி பூஜை லிஸ்டை எடுத்தார். நாலு பேரின் பெயர் எழுதின தாள். பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம் மொதலாளி" என்று நான் வெளியே ஓடினேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பேனா கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். டப்பாக்களை உதைத்துத் தள்ளி ரேக்குக்கு அடியிலிருந்து வெள்ளை மூட்டையை இழுத்தேன். கலர் மூட்டையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டு. டீ கிளாஸில் தின்னர். மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன்.

மேஜையில் கிடந்த தகட்டின் மூலையில் சுத்தமான இடம் பார்த்து, தின்னரில் நனைத்த சிவப்பை ஒரு இழுப்பு இழுத்தேன். ரோஸ் கலரில் நாலு விரல். என் விரல்.

"லேடீஸ் கையான்னு பாத்துச் சொல்லு சார்" என்றேன் பெயின்ட் சூப்பர்வைசரிடம்.

பக்கத்திலேயே வெள்ளையை நனைத்து இழுத்தேன். ஒன்றும் இல்லை.

முதலாளி இரண்டையும் பார்த்தார். அப்புறம் மூட்டையைப் பார்த்தார். "வெள்ளை வாங்கறத நிறுத்தியாச்சுன்னு சொன்னாங்களே. இது எங்க இருந்துச்சு?"

இதை நான் யோசிக்கவில்லை.

"ரேக் அடில."

"எப்பலேந்து?"

"அக்கா வந்து கேட்டுச்சே... அன்னிக்கும் அங்கதான் இருந்துச்சு."

"அப்ப ஏன் குடுக்கல?"

"பைக் தொடைக்க வெச்சிருந்தேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலாம். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதுதான் ஒரே சாருக்கு டைரி ஞாபகம் வந்தது. புரட்டிப் படித்தார். "'வித்தியாசம் இல்லை. ஸ்டோர்.' இது நீங்க சொன்னதுதானே தம்பி?"

"நான்தான் சார். வேணும்னேதான் சொன்னேன். ஆனா அம்பது அடி நடந்து அக்காவ ஒருவாட்டி கேட்டிருக்கலாம் இல்ல? தண்ணி பாட்டில் கூட எடுத்துகினு போயிருக்கலாம்."

முதலாளி பேனாவை மேஜையில் போட்டார். "ஒருத்தன் படிச்ச முட்டாள், ஒருத்தன் படிக்காத முட்டாள். நடுவுல என் தகடு மாட்டிக்கிச்சு" என்றார். அவர் கவலை தகடு. அக்கா மாட்டிக்கொண்டது அவர் வாயில் வரவில்லை. அப்புறம் அக்காவிடம், "உன் மேல தப்பு இல்லம்மா. ஆனா கஸ்டமருக்கு நான் பதில் எழுதணும். அட்டையில உன் பேர்தான் இருக்கு. இந்த வருஷம் லெட்டர் குடுத்தா என்னய காறித் துப்புவாங்க. அடுத்த பூஜைக்குப் பாக்கலாம்" என்றார். தப்பு இல்லை என்று சொல்லிவிட்டுத் தண்டனை கொடுப்பதற்கும் ஒரு படிப்பு இருக்கும் போல.

அந்த ஆயுத பூஜைக்கு மூணு பேருக்கு லெட்டர் கொடுத்தார்கள். எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஆளுக்கொரு பொரிப் பொட்டலம். அடுத்த மாசம் அக்கா பத்து நாள் வரவில்லை. பெயின்ட் ஷாப்பில் வேறு யாரோ துடைத்தார்கள். பதினோராவது நாள் புது ஆளாக வந்து சேர்ந்தார்.

எனக்கும் ஒரே சாருக்கும் முதலாளி ஒரே தண்டனைதான் கொடுத்தார். ஸ்டோரில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து நடந்து போய், அதைக் கையில் பிடிக்கிற ஆளைக் கேட்டு, எதற்கு, ஏன், மாற்றினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டும். அவர் பாட்டிலும் நான் ரிஜிஸ்டருமாக ஷாப் ஷாப்பாகப் போனோம். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியும் கட்டிவைத்த ஜோடி மாதிரி. சிநேகிதன் பிரஸ்ஸை நிறுத்திவிட்டுக் கும்பிடு போட்டான். "வாங்க வாங்க. ஒரே கொடையில வந்துகீறீங்க."

கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. வெல்டிங்குக்குத் தோல் கிளவுஸ் அவசியம், நிறம் யாருக்கும் அவசியமில்லை. ஃபிட்டிங்குக்குத் தோலே வேண்டாம், துணி கிளவுஸ் போதும். அதை இத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் வெல்டிங் தோல் போட்டிருக்கும்போது தான் மட்டும் துணி போட்டால் மானம் போகும். ஒன்பது கிளவுஸ் மூணாச்சு. ஆறு மார்க்கர் ரெண்டாச்சு. சோப்பு ஒன்று. துணி மட்டும் ரெண்டு. மொத்தமாக வாங்கினதில் விலையும் நிஜமாகவே இறங்கியது, ஒரே சாருக்குப் பாராட்டும் கிடைத்தது. அதைப் படமாக வேறு காட்டினார், வெள்ளைக்காரர்கள் மறுபடி கைகுலுக்கினார்கள். வெள்ளைத் துணிக்கு நேரே, 'பெயின்ட் ஷாப்புக்கு மட்டும், சாயத் துணி கொடுக்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு ஒரு வருஷம் விலை. கொடுத்தது நானும் இல்லை, அவரும் இல்லை.

அக்கா ஜன்னலுக்கு வருவார். என்னிடம் வம்பு பேச மாட்டார். வெள்ளை மூட்டையை என் கண் முன்னாலேயே பிரித்து ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பார். நான் ஏதாவது ஜோக் அடித்தால், "கையெழுத்து எங்க போடணும்?" என்பார். அவ்வளவுதான். என் ஜன்னலில் அந்த ஒரு வருஷம் நடந்ததிலேயே மோசமான விஷயம் அதுதான். முதலாளி கொடுத்த தண்டனைகூட அவ்வளவு உறைக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. தாளில் முதல் பேர் அக்காவுடையது. லெட்டரை வாங்கி, படிக்காமல் நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து பெரிய டப்பாவில் மைசூர்பாகு கொண்டுவந்திருந்தார். துண்டு துண்டாகத் தாளில் மடித்து ஷாப் ஷாப்பாகப் போய்க் கொடுத்தார். பெயின்ட் சூப்பர்வைசருக்குக் கொடுத்தார். ஒரே சாருக்கும் கொடுத்தார், அவர் தின்றுவிட்டு ஒரு மடக்குக் குடித்தார். நான் ஜன்னலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என் ஜன்னலுக்கு வந்தார். டப்பா காலி. கையில் ஒரே ஒரு மடிப்பு இருந்தது. கம்பி வழியாக நீட்டினார்.

"எனுக்கா கா?" பல்லெல்லாம் தெரிய வாங்கினேன். "எங்க மறந்துட்டியோன்னு பாத்தேன்."

"உன்ன மறப்பனாடா? பூஜை நாளும் அதுவுமா பைக் தொடைக்க வேணாமா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தேன். சிவப்பு பனியன் துண்டு. தையலையும் எலாஸ்டிக்கையும் ஒழுங்காக வெட்டி எடுத்திருந்தார்.